வலது காது வீட்டுக்கு

சொந்தமாகப் பாட்டு எழுதுகிற எவரைக் கேட்டாலும், மெட்டு எங்கிருந்தோ வந்தது என்றுதான் சொல்வார். என் மெட்டு எங்கிருந்து வந்தது என்பது வத்தேகமையில் எங்கள் தெருவுக்கே தெரியும். எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

நான் கணித ஆசிரியன். எங்கள் பாடசாலைக்கு நேரசூசி போடுவதும் நான்தான். இரண்டு வகுப்புகளை ஒரே அறைக்கு அனுப்பியதில்லை. நாட்குறிப்பு எழுதாமல் படுத்ததில்லை. இப்படிப்பட்ட ஒருவனுக்கு ராக் பாட்டு பிடிக்கும் என்பதை என் மனைவி ஸ்டெல்லா இன்னும் முழுமையாக நம்பவில்லை. ("அந்தக் கத்தலயா கேக்குறீங்க? நான் கொஞ்சம் சத்தமா பேசினா மட்டும் தலை வலிக்குதும்பீங்க.")

பிடிப்பதோடு நிற்பதில்லை, ஆராய்வேன். பாடசாலை விட்டு வந்ததும் தேநீரோடு முன் விறாந்தையில் கதிரையைப் போட்டு, ஹெட்போனை மாட்டி, பிடித்த பாடல்களை வரிசை மாறாமல் கேட்பேன். ஒன்றில் கிட்டார் தனியாக நடந்துவரும். டிரம்ஸ் வேண்டுமென்றே தாமதித்து, புறப்பட்ட பஸ்ஸில் ஓடிவந்து ஏறுகிறவனைப் போலத் தொற்றிக்கொள்ளும். இன்னொன்றில் பாடகர் ஒரே வரியை நான்கு தரம் பாடுவார். நான்காவது தரம் அந்த வரிக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். இது எப்படி நடக்கிறது என்று பல மாலைகள் கேட்டேன். முதல் மூன்று தரமும் அவர் சும்மா பாடியிருக்கிறார் என்பதே நான் கண்ட முடிவு.

இவ்வளவு கேட்டதில் எனக்கு ஒரு விதியும் கிடைத்தது. ராக் பாட்டின் உயிர், தொடக்கத்தில் வரும் சின்னக் கிட்டார் துண்டில் இருக்கிறது. அது காதில் விழுந்ததும் மனிதர்கள் செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டு எழ வேண்டும். எழாவிட்டால் அது பாட்டல்ல.

இந்த ஆராய்ச்சிக்கு வீட்டில் ஒரு தடை இருந்தது. எங்கள் பகுதியில் மாலையில் பேக்கரியிலிருந்து பாணும் பனிசும் ஏற்றிய ஆட்டோ ஒன்று வரும். அதன் ஒலிபெருக்கியில், எந்த ஊர்ப் பாண் ஆட்டோவிலும் கேட்கும் அதே சின்ன மெட்டு விடாமல் ஓடும். அதைக் கேட்டதும் வீடுகளிலிருந்து ஆட்கள் பையோடு வாசலுக்கு வருவார்கள். எங்கள் வீட்டில் பாண் வாங்குவது என் பொறுப்பு.

"ரெண்டு காதையும் மூடிக்கிட்டு உக்காந்தா பாண்காரன் வர்றது எப்பிடிங்க கேக்கும்? நேத்தும் போயிட்டான். ராத்திரிக்குத் திரும்ப சோறு வடிச்சேன்" என்றாள் ஸ்டெல்லா.

பேசி ஓர் ஒழுங்குக்கு வந்தோம். இடது காது ராக்குக்கு. வலது காது வீட்டுக்கு.

அந்தக் காலத்தில்தான் எங்கள் மகள் ஷெரின் கலகெதர ஊர்ப் பையன் ஒருவனை விரும்பினாள். பையனின் அப்பா சவரிமுத்துவுக்குச் சம்மதம். அவர் இளமையில் டிரம்ஸ் வாசித்தவர், ராக் பிரியர். நல்ல மனிதர் என்பதற்கு எனக்கு அது போதும். ஆனால் பையனின் அம்மா பிடிகொடுக்கவில்லை. முதல் தடவை வந்தபோது கேக்கைத் தொடாமல், சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்து, "பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் தடவை வந்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. ஷெரின் சரியாகச் சாப்பிடாமல் திரிந்தாள்.

"அங்கிளுக்கு நீங்க பாட்டு எழுதுறது தெரியும்ப்பா. ரொம்ப சந்தோசப்பட்டாரு" என்றாள். பிறகு, "ஆனா அன்னைக்குப் பாடிராதீங்க. ப்ளீஸ்" என்றாள்.

இதில் முதற்பகுதியை மட்டும் கவனத்தில் எடுத்துக்கொண்டேன். அந்த அம்மாவின் மனத்தை அசைக்க, அவரைக் கதிரையிலிருந்து எழுப்பும் பாட்டு ஒன்று தேவை என்று தீர்மானித்தேன்.

மெட்டு ஒரு மாலை தானாக வந்தது. இடது காதில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள், எனக்குள் ஒரு கிட்டார் துண்டு எழுந்தது. பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டு ஒன்றையொன்று துரத்தி, மூச்சுவாங்கி, படியிறங்கி ஓடின. உடம்பு சிலிர்த்தது. எங்கோ முன்பே கேட்டது போலவும் இருந்தது. மேதைகளுக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். (அன்று பாண் வாங்கத் தவறிவிட்டது. ஆட்டோ எப்போது போனதென்றே தெரியவில்லை.)

துண்டை அரைவாசி வேகத்துக்குக் குறைத்தேன். சோகமும் கம்பீரமும் வந்தன. நம் வாசலைக் கடந்து போய்விடும் வாழ்க்கையைப் பற்றி வரிகள் எழுதினேன்: "வாசல் தாண்டிப் போகாதே, நில், கொஞ்சம் நில்." பயிற்சி முழுவதும் மின்கிட்டாரில், ஹெட்போனுக்குள். வெளியில் கம்பி தட்டும் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஆகவே அந்தப் பாட்டை என்னைத் தவிர உலகில் எவரும் கேட்டிருக்கவில்லை, அல்லது நான் அப்படி எண்ணியிருந்தேன்.

விருந்தினர் மாலைத் தேநீருக்கு வந்தார்கள். ஸ்டெல்லா ரோல்ஸ், பெட்டிஸ், கேக் எல்லாம் அடுக்கியிருந்தாள். பேச்சு மழையில் தொடங்கி, கண்டி வீதியின் வாகன நெரிசலுக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது. அந்த அம்மா கைப்பையை மடியில் வைத்து, புறப்படத் தயாரானவர் போல உட்கார்ந்திருந்தார். ரோல்ஸ் தொடப்படவில்லை.

"சேர், நீங்க எழுதின பாட்டு ஒண்ணு..." என்றார் சவரிமுத்து, பாவம், மௌனத்தைத் தாங்கமுடியாமல்.

ஷெரின் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை உற்சாகப்படுத்துதல் என்று விளங்கிக்கொண்டேன். ஒலிபெருக்கிப் பெட்டி ஏற்கெனவே கதிரைக்குப் பின்னால் தயாராக இருந்தது.

தொடங்கினேன். பதற்றத்தில் விரல்கள் ஓடின. அரைவாசிக்குக் குறைத்திருந்த வேகம் இரண்டு மடங்காகி, மெட்டு தன் சொந்த வேகத்துக்குத் திரும்பிவிட்டது. நான் கண்ணை மூடியிருந்தேன்.

திறந்தபோது அந்த அம்மா எழுந்து நின்றார். என் விதி பலித்துவிட்டது. கண்கலங்கும் நிலையில் இருந்தேன். அவர் கைப்பையைத் திறந்து சில்லறையைத் துழாவியபடி, வாசல் கேட்டை நோக்கி நடந்தார்.

"ஸ்டெல்லா, உங்க பக்கம் வர்றவர்கிட்ட சீனி பனிஸ் இருக்குமா?"

நான் நிறுத்தவில்லை. அந்தத் துண்டு எட்டுத் தரம் வர வேண்டும் என்று திட்டம். திட்டத்தை இடையில் விடும் பழக்கம் எனக்கில்லை. கேட்டுக்கு வெளியே பக்கத்து வீட்டு நிஸ்ரினா, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுபவர், பையோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். ஒரு நாயும் வந்தது.

"சத்தம் கேக்குது, ஆளக் காணல்லயே! இண்டைக்கு என்ன வெள்ளனயா வந்திருக்கான்?" என்றார் ராத்தா.

"வரல ராத்தா," என்றாள் ஸ்டெல்லா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "எங்க வீட்டுக்காரரு பாடுறாரு."

அப்போது நான் "வாசல் தாண்டிப் போகாதே, நில்" என்ற வரியில் இருந்தேன்.

சவரிமுத்து மட்டும் கதிரையில் இருந்தார். கண்களில் நீர், தோள்கள் குலுங்கின. ஒரு கலைஞனை இன்னொரு கலைஞனே அறிவான் என்று நினைத்தேன். பிறகு அவர் கதிரையிலிருந்து சரிந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தன் நேரத்துக்கு வந்த உண்மையான ஆட்டோக்காரர் கூட்டத்தைக் கண்டதும் வண்டியை நிறுத்தி இறங்கினார். முகம் சரியில்லை. "மாத்தயா, நம்ம ரூட்டுல வேற பாண் ஆள் வந்ததா?" என்று என்னிடம் கேட்டார். அவர் ஒலிபெருக்கியில் என் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, என்னைவிடத் தாளம் தவறாமல்.

ஷெரின் உள்ளே ஓடிவிட்டாள். கிட்டாரைக் கீழே வைத்தேன். என் மகளின் வாழ்க்கையை ஒரு பாண் மெட்டால் கெடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த அம்மா சீனி பனிஸ் பொதியோடு திரும்பி வந்தார். உட்கார்ந்து ஒன்றைக் கடித்தார். மென்று விழுங்கினார்.

"நான் பயந்துகிட்டுத்தான் இருந்தேன்," என்றார். "சேர் ரொம்பக் கண்டிப்பான ஆளு, எல்லாத்துக்கும் கணக்குப் பாப்பாருன்னு சொன்னாங்க. எங்க வீடு ஒரு சந்தைக்கட. சரிவருமான்னு யோசிச்சேன்." இன்னொரு கடி. "இப்ப யோசன இல்ல. நாள் குறிங்க. ஆனா ஒண்ணு. கல்யாணத்துல இவரு பாடக்கூடாது."

"நாங்களும் அதைத்தான் கேக்க இருந்தோம்" என்றாள் ஸ்டெல்லா. பேச்சுவார்த்தையில் இரு வீட்டாரும் விவாதமின்றி ஒத்துக்கொண்ட ஒரே விடயம் அதுதான். அன்றைய நாட்குறிப்பில் இப்படி எழுதினேன்: "மழை இல்லை. விருந்தினர் வந்தனர். பாடினேன். சம்பந்தம் முடிவாயிற்று."

திருமணம் நடந்தது. நான் பாடவில்லை. இன்றும் சம்பந்தி வீட்டார் எங்களைப் பார்க்க வரும்போது, மற்றவர்களைப் போலப் பழமோ பிஸ்கட்டோ கொண்டுவருவதில்லை. தாளில் சுற்றிய ஒரு றாத்தல் பாணை சவரிமுத்து இரண்டு கையாலும் என்னிடம் தந்து, "உங்க ரோயல்டி, சேர்" என்பார். ஆட்டோக்காரரும் எங்கள் கேட்டுக்கு வந்தால் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, "மாத்தயா பாடுறதா, நான் போடுறதா?" என்று கேட்காமல் பாண் தருவதில்லை.

மாலைகளில் இப்போதும் கேட்கிறேன், இடது காதில் மட்டும். மெட்டை மாற்றச் சொல்லி ஷெரின் எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். ஒரு சுரமும் மாற்றவில்லை. அந்த அம்மா எழுந்தார், தெரு எழுந்தது, ஒரு நாயும் எழுந்து வந்தது. அது நல்ல பாட்டு.