பூமிக்கடியில் விளைந்த பலகை

பாப்பாரப்பட்டிக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊரில், முப்பத்தெட்டாம் வருஷம் சித்திரை மாதம், கப்பலேறி வந்த துரைமாரும் துரைசாணிமாரும் ஒரு நாள் திருப்பணி செய்வதென்று ஏற்பாடாகியிருந்தது. மாதா கோயில் தெருவுக்குக் கிணறு வெட்டித் தருவதுதான் திருப்பணி. அந்தத் தெருப் பெண்கள் கரட்டுக் குன்றைத் தாண்டி ஓடைக்குப் போய்த் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள்.

துரைமாரின் கைகள் பூப்போன்றவை. ஆகவே பாறை வரைக்கும் ஊர்க்காரர்களே வெட்டி, கடைசி ஒரு முழத்தை மட்டும் விருந்தாளிகளுக்கு மீதி வைக்க வேண்டும் என்று உபதேசியார் சவுரியப்பன் அறிவித்தார். ஊர்க்காரர்களும் அப்படியே செய்தார்கள். தண்ணீருக்குத்தான் அறிவிப்பு எட்டவில்லை. துரைமார் வருவதற்கு முந்தின வாரமே ஊற்றுக்கண் திறந்துகொண்டது.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ராஜப்பன் சைக்கிளில் வந்து எட்டிப் பார்த்தார். உத்தரவுக்கு முன்னால் தண்ணீர் வந்தது ஒழுங்கீனம் என்றார். மண்ணைப் போட்டு மூடச் சொன்னார். கிணறு வெட்டிய பச்சியப்பன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"கண்ணு தொறந்த ஊத்துல மண்ணு போட மாட்டோமுங்க. அந்தப் பாவம் எங்களுக்கு வேணாமுங்க."

ஞானஸ்நானம் பெற்றவர்களும் பெறாதவர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே மதம். ஒருவரும் மண்வெட்டியைத் தொடவில்லை. கடைசியில் ராஜப்பனே வழி கண்டுபிடித்தார். தமக்குக் கட்டில் செய்வதற்காக மலையிலிருந்து இறக்கி வைத்திருந்த வேங்கைப் பலகைகளைக் கொண்டுவரச் சொல்லி, ஊற்றின் மேல் அடுக்கி, பலகையின் மேல் மண் கொட்டச் சொன்னார். மண் விழுவது பலகையில்தானே, ஊற்றில் இல்லையே. பாவம் தீர்ந்தது.

ஆனாலும் ஊறிய தண்ணீரைத் தினமும் இறைத்துக் கொட்ட வேண்டியிருந்தது. பச்சியப்பன் மனைவி சென்னம்மாள் குடத்தோடு வந்து, கொட்டுகிற தண்ணீரைத் தனக்கு ஊற்றச் சொன்னாள். இன்னும் வெட்டி முடியாத கிணற்றின் தண்ணீரைக் குடிப்பது சாத்தியமில்லை என்று ராஜப்பன் விளக்கினார். தண்ணீர் எருக்கஞ்செடிக்குப் போயிற்று, சென்னம்மாள் ஓடைக்குப் போனாள்.

விருந்தாளிகள் வந்தார்கள். ஜெபம் நடந்தது, போட்டோ எடுத்தார்கள், ஏணி வழியாக இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு துரையின் கடப்பாரை டொக்கென்றது. இழைப்புளி போட்ட பலகை வெளியே வந்தது. இது என்ன என்று துரைசாணி கேட்க, உபதேசியார் ராஜப்பனைப் பார்த்தார். ராஜப்பன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. இந்தத் தாலுக்காவில் பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு மர அடுக்கு உண்டு என்றும், அது மண்வளத்தின் அடையாளம் என்றும் சொல்லச் சொன்னார். உபதேசியார் இங்கிலீஷில் சொன்னார். பலகையை நெம்பியதும் தண்ணீர் பொங்கியது. துரைசாணி அழுதேவிட்டாள். மத்தியானம் ஊருக்கே ஆட்டுக்கறிச் சோறு.

துரைமார் ஊர் திரும்பும் வழியில், சேலத்தில் ஒரு விருந்தில் இந்த மர அடுக்கைப் பற்றி வியந்து பேசியிருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் பாரஸ்ட் ரேஞ்சர். அடுத்த வாரமே எங்கள் ஊருக்கு வந்துவிட்டார்.

"மண்ணுக்கு மேல நிக்கிற மரம் எங்க இலாகாவுது. மண்ணுக்குள்ள போற வேரும் எங்களுது. அப்ப நடுவுல வெளையற பலகை மட்டும் யாருது?"

அவரே இன்னொரு வழியும் திறந்துவிட்டார். பலகை தானாக விளையவில்லை, யாரோ கொண்டுவந்து வைத்தார்கள் என்றால் சொல்லலாம், அனுமதி இல்லாமல் மரம் வெட்டிய கேஸாகப் போட்டுவிடலாம் என்றார். ராஜப்பனுக்கு வியர்த்தது. பலகை சுமந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். உபதேசியார் மாதாவை வேண்டிக்கொண்டார். கறிச்சோறு தின்ற ஊர் மொத்தமும் ஒரே குரலில், பலகை பூமிக்கடியில்தான் விளைந்தது என்று சாட்சி சொன்னது.

அன்று சாயங்காலமே கிணறு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. சுற்றிலும் முள்வேலி போட்டு, பாரஸ்ட் கார்டு ஒருவனையும் நிறுத்தினார்கள். சென்னம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு கரடு ஏறினாள்.

மறுவருஷம் சித்திரைக்கு வேறு ஒரு கூட்டம் துரைமார் வருவதாகத் தாக்கல் வந்தது. ஊர் கூடியது. என்ன திருப்பணி வேண்டும் என்று உபதேசியார் கேட்க, எல்லோரும் இன்னொரு கிணறு என்றார்கள். போன தடவை செய்த தப்பை இந்தத் தடவை செய்யக் கூடாது என்பதிலும் எல்லோருக்கும் ஒரே கருத்து. பலகை வேண்டாம், பனையோலைத் தடுக்கு போட்டு மண் கொட்டலாம் என்று பச்சியப்பன் யோசனை சொன்னான். பனை பட்டா நிலத்தில் நிற்பது, ரேஞ்சர் வரமாட்டார். கூட்டம் தலையை ஆட்டியது. ராஜப்பன்கூடப் பாராட்டினார்.

சென்னம்மாள் ஓரத்திலிருந்து எழுந்தாள்.

"தண்ணி வந்ததும் மூடாம உட்டா, நாமளே மொண்டு குடிச்சிக்கலாமில்லீங்களா?"

கூட்டம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தது. அவள் புருஷனுக்குத்தான் அவமானம் தாங்கவில்லை.

"உக்காருடி. அப்புறம் கப்பலேறி வர்றவங்க இங்க எதுக்கு வருவாங்க?"