நான் கொடுத்த கோல்

பெண் பார்க்கப் போகிற வீட்டில் சொஜ்ஜி சாப்பிடலாம், பஜ்ஜி சாப்பிடலாம். சுவரில் மாட்டியிருக்கும் போட்டோவைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவே கூடாது. நான் திறந்தேன்.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. பெண்ணின் அப்பா கோவிந்தசாமி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரை போய்வந்தவர். பட்டாளத்துக்காரர் என்பதற்கான பிரெஞ்சு வார்த்தையையே பெயராக்கி, தெருவில் அவரை 'சொல்தா' என்பார்கள். சுவர்ப் போட்டோவில் அவர் அரை டிராயரோடு, காலடியில் கால்பந்தை வைத்துக்கொண்டு முறைத்தபடி நின்றார்.

"ஃபுட்பாலா? நானும் ஆடுவேங்க" என்றேன். பெண் சரஸ்வதி காபியோடு வெளியே வந்த நேரம் அது. இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன்.

"எந்த எடத்துல?" என்றார் சொல்தா.

"சென்டர் ஃபார்வர்டுங்க." (ரேடியோவில் கேட்ட வார்த்தை. மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தால் போதும்போல என்று நினைத்திருந்தேன்.)

சொல்தாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப ஞாயித்துக்கெழம சாயங்காலம் வந்துடுங்க தம்பி. நம்ம ராமு டீமுக்கும் குருசுக்குப்பம் பசங்களுக்கும் மேட்ச். அர்பீத்ருக்கு ஆளு கெடைக்காம தவிச்சிக்கிட்டு இருக்கேன்."

அர்பீத்ரு என்றால் ரெஃப்ரி என்பது எனக்குப் புரிவதற்குள் என் தலை சம்மதம் சொல்லிவிட்டது. ராமு சரஸ்வதியின் தம்பி, பள்ளிக்கூடத்துப் பையன்.

ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சட்டம் கேட்டேன். "கையில பட்டா ஊது. கால வாரினா ஊது. மத்ததயெல்லாம் கூட்டமே சொல்லும்" என்றார். கடைசி வாக்கியத்தைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடலை ஒட்டிய மணல் மைதானம். கோலுக்கு இரண்டு பக்கமும் மூங்கில் கம்புகள். கோட்டுக்கு வெளியே பெற்றோர் கூட்டம். தம்பிக்குத் தண்ணீர் கொண்டுவந்த சாக்கில் சரஸ்வதியும் குடை பிடித்து நின்றாள். என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. பந்து ஒரு பக்கம் போனால் நான் எதிர்ப்பக்கம் ஓடினேன். குடை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். பந்து வந்து முதுகில் அடித்தது. பயத்தில் ஊதினேன். எதற்கு ஊதினேன் என்று பையன்கள் கேட்டார்கள். அதற்கும் ஊதினேன்.

குப்பத்துப் பையன்கள் பந்தோடு முன்னேறினால் போதும், சொல்தா கைத்தடியை நீட்டி "ஓர்ழூ!" என்று கர்ஜிப்பார். பட்டாளத்துக் குரல். கேட்டவுடன் என் விசில் தானாக ஊதிவிடும். (ஆஃப்சைடைத்தான் பிரெஞ்சில் அப்படிச் சொல்வார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. ஆஃப்சைடு என்றால் என்ன என்பது இன்னும் தெரியவில்லை.)

குப்பத்து கோல்கீப்பர் மணியின் அம்மா அஞ்சலை, மீன் விற்ற காலிக் கூடையோடு மூங்கில் கம்பை ஒட்டி நின்றிருந்தார். அவரும் சாது இல்லை. "அவன் கால ஒடிச்சிப் போடுடா!" என்று தன் பக்கத்துப் பையன்களுக்குக் கத்திக்கொண்டிருந்தவர், ஒரு கட்டத்தில் என் பக்கம் திரும்பினார்.

"இன்னா சாமி, ஊதல் உன் வாயில இருக்குது. காத்து மட்டும் அந்த ஆளு வாயிலேர்ந்து வருதே?"

மைதானமே சிரித்தது. குடையும் குலுங்கியதைப் பார்த்தேன்.

ஆளுக்கு ஒரு கோல் என்று ஆட்டம் இழுத்துக்கொண்டிருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் குப்பத்து கோலுக்கு முன்னால் ஒரே கும்பல். பந்து எகிறியது. ராமுவின் கையில் பட்டு உள்ளே விழுந்தது. அந்தச் சாயங்காலம் முழுவதும் நான் ஒழுங்காகப் பார்த்தது அந்த ஒன்றைத்தான்.

"கோல்!" என்றார் சொல்தா.

ஊதினேன். கோல்.

"கை சார்! கை!" என்று குப்பத்துப் பையன்கள் குதித்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு ராமுவே என்னிடம் வந்தான்.

"பட்டுது சார்."

"படல" என்றேன், மெதுவாக.

"இல்ல சார், இங்க பட்டுது." முழங்கைக்குக் கீழே ஒட்டியிருந்த ஈர மண்ணைக் காட்டினான்.

"நான்தானே ரெஃப்ரி? நான் பாத்தேன். ஒனக்குப் படல. போ."

"என் கை சார் அது!"

"டேய், வாய மூடுடா!" என்று சொல்தா உள்ளே இறங்கினார். அதைப் பார்த்து அஞ்சலை கூடையோடு இறங்கினார். அவர்களைப் பார்த்து இரண்டு பக்கத்துப் பெற்றோரும் இறங்கினார்கள். சமாதானம் செய்யப் போன என் சட்டையை யாரோ பிடித்தார்கள். கூடை ஒன்று தலையில் கவிழ்ந்தது. உலகம் இருண்டு, சங்கரா மீன் வாசனை அடித்தது. கூடைக்குள் இருந்தபடியே ஊதினேன். யாரும் மதிக்கவில்லை.

கூடையை எடுத்தபோது மைதானத்தின் மறுகோடியில் ஒரே கைதட்டல். பையன்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ராமுவும் மணியும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வந்துகொண்டிருந்தார்கள்.

"இன்னாடா ஆச்சி?" என்றார் சொல்தா, மூச்சு வாங்க.

"மேட்ச் முடிஞ்சிட்சிப்பா."

"முடிஞ்சிட்சா? எவன்டா ஊதனான்?"

"ஊதலல்லாம் இல்ல. கையில பட்டதால அவங்களுக்கு ஃப்ரீ கிக் குடுத்துட்டோம். அடுத்த கோல் போடறவங்க ஜெயிச்சாங்கன்னு பேசி ஆடினோம்."

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஆட்டத்தைப் பார்த்த பெரிய ஆள் அந்த இடத்தில் ஒருத்திதான் இருந்தாள். குடையை மடக்கிக்கொண்டே சரஸ்வதி சொன்னாள்: "ரெண்டு ஒண்ணு. குப்பம் ஜெயிச்சிடுச்சி. நல்ல கோலுப்பா அது. நீங்க பாத்திருக்கணும்."

சொல்தா போய், பரிசாக வைத்திருந்த புதுப் பந்தை எடுத்துவந்து, மணியின் கையில் கொடுத்து, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். அஞ்சலை மடியிலிருந்து வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "போட்டுக்கோ அண்ணே. அடுத்த மேட்ச்சுக்கு மொதல்லியே போட்டுக்கோ. வாயில ஏதாவது இருந்தா பசங்களுக்கு நல்லது. நானும் போட்டுக்கறேன்."

வெற்றிலையை மென்றுகொண்டே சொல்தா என் பக்கம் வந்தார். "தம்பி, நீங்க எங்க சென்டர் ஃபார்வர்ட் ஆடினீங்க?"

"எங்கியும் ஆடலைங்க."

துப்பிவிட்டுப் போய்விட்டார். சம்பந்தம் அதோடு முடிந்தது என்று வேறு ஜாதகம் பார்க்கச் சொல்லிவிட்டார் என் அப்பா. வீட்டில் கூடை வாசனை போகும்வரை நான் திண்டாடினேன்.

ஆனால் கொஞ்ச நாளில் சொல்தாவே வந்தார். "எம் பொண்ணு ஒங்களத்தான் கட்டிக்குவேங்கறா. எனக்கு ஒண்ணும் புரியல" என்று அலுத்துக்கொண்டார்.

எனக்கும் புரியவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் சரஸ்வதியிடமே கேட்டேன்.

"படலன்னு ராமுகிட்ட சொன்னீங்களே, அப்ப ஒங்க ரெண்டு காதும் அப்பிடியே செவந்து போச்சி. தூரத்துலேர்ந்தே தெரிஞ்சிது. பொய் சொன்னா இவ்ளோ சுளுவா மாட்டிக்கிற ஆளு வேற எங்க கெடைக்கும்?"

அப்புறம் எத்தனையோ மேட்ச். மாமனாரும் அஞ்சலையும் கோட்டோரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வாய் நிறைய வெற்றிலையோடு, கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டிருப்பார்கள். என் கையில் அதற்குப் பிறகு யாரும் விசில் கொடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் டம்ளர் உடைந்தாலும் பால் கொட்டினாலும், செய்த ஆள் தானாக வந்து கையை நீட்டி, "பட்டுது சார்" என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் யாரும் திட்டக் கூடாது. போன வாரம் பேத்தி என் மூக்குக் கண்ணாடியின் மேல் உட்கார்ந்துவிட்டு, இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு வந்து அப்படித்தான் சொன்னாள். "யாரு தாத்தா அந்த சாரு?" என்றும் கேட்டாள்.

"தெரியலம்மா" என்றேன்.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த சரஸ்வதி, "அந்தக் காத கொஞ்சம் தொட்டுப் பாருடி, சுடுதான்னு" என்றாள்.