பல்ப் அண்ணையும் ஒரு மாப்பிள்ளைப் பூச்சியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே ஒரு கதிரையில் ஒழுங்காக உட்காரத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் பல்ப் அண்ணைதான். கொழும்பிலிருந்து லீவில் பூச்சி ஆராய வந்தவர். நீர்வேலியில் மணியக்காவின் வீட்டில் அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து அறை. பொழுதுபட்டால் கிணற்றடியில் வெள்ளைச் சீலை கட்டி, பல்பைக் கொளுத்தி, வருகிற பூச்சிகளைச் சுற்றிச் சுற்றி ஓடுவார். பெயர் அப்படித்தான் வந்தது.

சாப்பாட்டிலும் நிம்மதி இல்லை. ஒருநாள் என் சொதியில் எள்ளளவு பூச்சி ஒன்று விழ, பாய்ந்து விரலால் எடுத்தார்.

“நுளம்பெண்டு நினைக்காதையும். இது அந்துப்பூச்சிக்குச் சொந்தம். ஆனால் செட்டையிலை செதிள் இல்லை, மயிர்!”

அதன் புழு தண்ணீருக்குள் பாசியைக் குத்திச் சாறு குடிக்குமாம். கூடே இல்லாமல் அலைந்து திரிந்துவிட்டு, கடைசிப் பருவத்தில்தான் பட்டுநூலால் மணிபர்ஸ் போல ஒன்று கட்டுமாம்.

“உன்னை மாதிரித்தான் தம்பி,” என்றார் மணியக்கா அண்ணையைப் பார்த்து. “நாப்பது வயசாச்சு, இன்னும் கூடு கட்டேல்லை.”

சொதியில் விழுந்தது பெண். அங்கேதான் சிக்கல். அண்ணை இதுவரை காணாத இனம் அது. ஆணின் பின்பக்கத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் இன்ன இனம் என்று பெயர் சொல்லலாமாம்.

“ஆம்பிளை இல்லாட்டில் அவளுக்கொரு பேர் இல்லையோ?” மணியக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“நான் என்னக்கா செய்ய!” என்று அண்ணை முற்றத்தை இன்னும் நாலு தரம் சுற்றினார்.

லீவு முடிகிற அன்று பின்னேரம் பார்த்து டெங்கு நுளம்புக்குப் புகை அடிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அண்ணை தலையில் கையை வைத்துக்கொண்டு கிணற்றடிக்கும் படலைக்குமாக ஓடினார். மணியக்கா படலையில் குறுக்கே நின்றார்.

“நாளைக்கு வாங்கோ தம்பிமார். உள்ளுக்கை ஒருத்திக்கு மாப்பிள்ளை பாக்கிறம்.”

“ஓ, நல்ல காரியமோ? அப்ப நாளைக்கு வாறம்.”

இருட்டத் தொடங்கிய மம்மல் பொழுதில் ஒரு பொட்டுப் பூச்சி வந்து சீலையில் ஒட்டியது. அண்ணை அதை நுணுக்குக்காட்டியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். தேத்தண்ணி ஆறிப்போனது. எனக்குப் பயமே வந்துவிட்டது.

“அவன்தான் அக்கா,” என்றார் கடைசியில், கண் கலங்கி.

மறுநாள் கொழும்பு பஸ் ஏறிவிட்டார். கிணற்றடி பல்ப் மட்டும் இப்போதும் பொழுதுபட எரிகிறது.

“பூச்சிக்கோ அக்கா?” என்று கேட்டேன்.

“உவனுக்குத்தான். வெளிச்சத்தைக் கண்டால் வருவான்தானே.”

முற்றத்தில் யாரும் ஓடாமல் இருப்பது எனக்கும் பொறுக்கவில்லை. அந்தப் பல்பை நான் அணைப்பதில்லை.