விலைபோகாத குருத்துக்கு ஒருநாள் கூலி

ஹார்ட், மிச்சிகன்
ஜூலை 19

அன்புள்ள மச்சான் கெரிட்டுக்கு, அத்தான் ஹார்லன் எழுதுவது. உன் அக்கா ஆர்லிஸ் சுகம், லாரிகள் சுகம், நாயும் சுகம். சுகமில்லாதது ஒன்றுதான்.

வருஷாவருஷம் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து குருத்துவிடும் என் ஐந்து ஏக்கர் ஆஸ்பரகஸை நானே மருந்தடித்துக் கொன்றுவிட்டேன்.

காரணம் நீதான். ஞாயிறுதோறும் சர்ச்சிலிருந்து திரும்பும்போது உன் வேலியோரம் வண்டியை நிறுத்தச் சொல்லி, "பாருங்க, என் தம்பி வயல்ல ஒரு புல்லு உண்டா? நம்ம வயல்ல களைக்கொடிக்கு நடுவுல ஆஸ்பரகஸைத் தேடணும்" என்பாள் உன் அக்கா. வாடகை லாரியில் சரக்கு ஏற்றத் தொடங்கி இன்று ஒன்பது லாரி வைத்திருப்பவன் நான். கிழிந்த தொப்பியோடு திரியும் உனக்கு இப்படியொரு வயலா என்று வயிறு எரியும். அதனால் அறுவடையின் கடைசி நாள் வேலியோரம் நின்று உன்னை வேவு பார்த்தேன். சுண்டுவிரல் உயரக் குருத்தைக்கூட ஆள்விட்டு ஒடித்துத் தரையில் போட்டாய். வரிசையெல்லாம் மொட்டையான பிறகுதான் களைக்கொல்லி அடித்தாய். பைத்தியக்காரன் என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் என் வயலில் ஒடிப்பு ஆட்களின் மேஸ்திரி சாயோ கேட்டாள்: "ஐயா, குட்டிக் குருத்தையும் ஒடிச்சுப் போட்டுரட்டுமா? ஒருநா கூலிதான்."

"விக்காத குருத்தை ஒடிக்க எவனாவது கூலி குடுப்பானா? கெரிட்டுக்கு வியாபாரம் தெரியாதும்மா."

"மருந்துக்கும் தெரியாதுங்க ஐயா. பச்சையா நின்னா எல்லாமே அதுக்குக் களைதான்."

கேட்டேனா? குருத்து நிற்கும்போதே அடித்தேன். பத்தே நாளில் களைக்கொடி வேரோடு கருகியது. உன் அக்காவை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், "இப்ப சொல்லு, யார் வயல் சுத்தம்?" என்றேன். அவள் இறங்கி, மஞ்சளாய் முறுக்கிக்கொண்டு நின்ற ஆஸ்பரகஸைத் தொட்டுப் பார்த்தாள். "ரொம்ப சுத்தம். இனி பயிர்கூட இருக்காது" என்றாள். நின்ற குருத்து வழியாகவே மருந்து கிழங்குக்கு இறங்கிவிட்டது. புதுக்கிழங்கு நட்டு ஒழுங்காக ஒடிக்க மூன்று வருஷம் ஆகும். இன்னொரு தடவை தப்பு செய்தால் வயலை விற்றுவிடுவேன் என்று ஆர்லிஸிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே நேற்று உன் வாசலில் பேசி முடித்தபடி: மூன்று வருஷம் என் வயலுக்கு மருந்தும் பண்டுவமும் உன் பொறுப்பு. தெளிப்பானை நான் தொடமாட்டேன். பதிலுக்கு உன் சரக்கைச் சந்தை விலைக்கு மேல் பவுண்டுக்கு ஐந்து சென்ட் கொடுத்து எடுத்துக்கொள்வேன். பொறாமையை அடியோடு விட்டுவிட்டேன், மச்சான். நீயும் உன் பிள்ளைகளும் நன்றாயிருங்கள், உன் வயலும் இப்படியே இருக்கட்டும்.

அன்புடன்,
ஹார்லன் போஸ்ட்மா

பி.கு.: இதைத் தபாலில் போட வரும் வழியில் உன் வேலியோரம் நிறுத்தினேன். மூன்றாவது வரிசையில், கிழக்கு ஓரம், இடுப்புயரத்துக்கு ஒரு முட்செடி, ஊதாப் பூவோடு நிற்கிறது. கால்மணி நேரம் கண்குளிரப் பார்த்தேன். களை வளர்க்கிறவனுக்கு ஐந்து சென்ட் அதிகம், மூன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஆர்லிஸ் பார்க்கும்வரை அதைப் பிடுங்காமல் வைத்திருந்தால் ஆறு.