பெயர் சொல்ல விரும்பாதவர் கையெழுத்துப் போடவும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் நலம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று உங்கள் தங்கை கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். நிற்க.

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடிகள் ஒரே வாரத்தில் மூன்று காணாமல் போயின. மூன்றாவது குழியில் பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா விழுந்து, கணுக்கால் உடைந்து கட்டிலில் கிடக்கிறார். உங்கள் தங்கைக்கு இடது கண்ணில் புரை. தினமும் அந்தக் குழியைத் தாண்டித்தான் பால் வாங்கப் போகிறாள். மூடிகளை எடுப்பது யாரென்று எனக்குத் தெரியும். என் பட்டறைக்கு எதிரே பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர்தான். பட்டப்பகலில் அவருடைய தள்ளுவண்டியில், சாக்குக்கு அடியில், வட்டமாக ஒன்று போனதை ஏணிமேல் நின்று போர்டு எழுதிக்கொண்டிருந்த நான் பார்த்தேன். ஆனால் மனிதர் கோபம் வந்தால் எடைக்கல்லைத் தூக்கி எறிகிறவர். ஆகவே பெயர் போடாமல் போலீசுக்குப் புகார் எழுதுவதென்று முடிவு செய்தேன். அதைப் புத்திசாலித்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டேன், மச்சான்.

முப்பது வருஷமாக இந்த ஊரில் பெயர்ப்பலகை எழுதுகிறேன். நான் எழுதாத கடை ஒன்று பாக்கி இல்லை. பேனாவைப் பிடித்தாலும் கொம்பு சுழித்து, காலுக்கு நிழல் விழுந்து, பலகை எழுத்தாகவே வருகிறது. சரி, அடையாளம் தெரியக் கூடாதே என்று இடது கையால் எழுதிப் பார்த்தேன். அது இன்னும் அழகாக வந்து தொலைத்தது. நேரமாகிறதே என்று அதையே மடித்து, போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இருக்கும் ரகசியத் தகவல் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். 'உங்கள் பெயர் வெளியே தெரியாது' என்று அந்தப் பெட்டிமேல் சிவப்பில் எழுதியதும் நான்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு கான்ஸ்டபிள் பட்டறை வாசலில் பைக்கை நிறுத்தி, இறங்காமலே, தெருவுக்கே கேட்கும்படி, "அண்ணே, மூடி விஷயமா பேர் போடாம ஒரு புகார் போட்டீங்கல்ல, ஸ்டேஷன்ல கூப்பிடுறாங்க" என்றார். எதிரே இரும்புக் கடைக்காரர் தராசிலிருந்து தலையைத் தூக்கினார். "நான் எதுவும் போடலையே தம்பி" என்றேன். "ஸ்டேஷன் போர்டும் இதுவும் ஒரே எழுத்துண்ணே. நல்லா இருக்குன்னு எல்லாரும் கையில வாங்கிப் பார்த்தோம்" என்றார் அவர்.

ஸ்டேஷனில் புகார்களைப் பதிவு செய்கிற ரைட்டர் என்னை உட்கார வைத்து, "பேர் இல்லாத புகாருக்கும் ரசீது குடுக்கணும் சார். ரசீதுல பேர் எழுதணும். அதனால, பேர் சொல்ல விரும்பாதவர் நீங்கதான்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். நான் எழுதவே இல்லை என்று சாதித்தேன். அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப உங்க எழுத்தை வேற எவனோ போட்டிருக்கான். அது பெரிய குத்தமாச்சே. உடனே அதுக்கு ஒரு புகார் எழுதிக் குடுங்க" என்று தாளை நீட்டினார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் என்ன செய்வது, எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டி, பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே கை. உங்க எழுத்தைப் போட்டவன் ஆம்புட்டுட்டான் சார்" என்றார். மச்சான், இன்றைய தேதியில் அந்த ஸ்டேஷனில் புகார் கொடுத்தவனும் நான், குற்றவாளியும் நான். அப்படியானால் மூடி என்னாச்சு என்று கேட்டேன். "அது பேர் இல்லாதவர் குடுத்த புகார். அவரு வந்து கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். கிளம்பும்போது, வந்ததுதான் வந்தீர்கள், வாசல் போர்டில் ஓர் எழுத்து உரிந்திருக்கிறது, பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

இப்போது நீங்கள்தான் கைகொடுக்க வேண்டும். முப்பத்தைந்து வருஷம் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து வளர்த்த கையெழுத்து உங்களுடையது. நீங்கள் எனக்குப் போட்ட கடிதங்களில் பாதியை இன்னும் வாசித்து முடிக்கவில்லை. அது யாருடைய எழுத்து என்று எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. எழுத்து என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். இத்துடன் இருக்கும் புகாரை உங்கள் கையால் நகல் எடுத்து, உங்கள் ஊரிலிருந்தே தபாலில் போட்டுவிடுங்கள். 'மூடி' என்கிற ஒரு சொல்லை மட்டும் கொஞ்சம் பொறுமையாக எழுதவும். இல்லாவிட்டால் ரைட்டர் அதை மருந்துக்கடையில் கொடுத்து இருமல் மருந்து வாங்கிக் குடித்துவிடுவார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நேற்று உங்கள் தங்கை குழி விளிம்பில் கால் வைத்துவிட்டாள். பின்னால் வந்த யாரோ புண்ணியவான் கையைப் பிடித்து இழுத்தார். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு என் ஆசியும் சேரட்டும். படித்தவுடன் இதைக் கிழித்துப் போடவும்.

இப்படிக்கு,
பெயர் சொல்ல விரும்பாத,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை இதை வாங்கி, கண்ணோடு ஒட்டி வைத்து, கடைசி வரை படித்துவிட்டாள். "ஊர்ல இருக்கிறவன் பேரையெல்லாம் ஆள் உயரத்துக்கு எழுதுறீங்க. நான் விழப்போற குழிக்கு உங்க பேரை எழுத மாட்டீங்களா?" என்றாள். எழுந்து பட்டறைக்குப் போனேன். ஆறடிக்கு நாலடித் தகரத்தில், 'இந்தக் குழியின் மூடி எதிர் இரும்புக் கடையில் இருக்கிறது' என்று எழுதி, அதைவிடப் பெரிதாகக் கீழே என் பெயரையும் விலாசத்தையும் எழுதி, குழிக்குப் பக்கத்தில் நட்டுவிட்டேன். இரும்புக் கடைக்காரர் அரை மணி நேரமாக அதன் முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருக்கிறார். ஆகவே நீங்கள் எதையும் நகல் எடுக்க வேண்டாம். உங்கள் மாடி அறையைக் கூட்டி வையுங்கள், நாளை முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறோம் என்று எழுத வந்தேன். உங்கள் தங்கை வர மாட்டாளாம். போர்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அதனால் அறையும் வேண்டாம். இன்னொரு நாற்காலியை எடுத்துக்கொண்டு நானும் அங்கே போகிறேன்.