இங்கிரிட் பதவியேற்ற கதை

ஒரு குழந்தையைப் பள்ளியில் சேர்க்க மூன்று தேவை: ஒரு குழந்தை, ஒரு பள்ளி, குழந்தைக்கு இரண்டு குடும்பப் பெயர்கள். முதல் இரண்டும் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் எங்கள் ஊரான கெரேதாரோவின் மண்டலக் கல்வி அலுவலகம் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்ளும். மூன்றாவதில் விட்டுக்கொடுப்பதில்லை. அப்பா வழியில் ஒரு பெயர், அம்மா வழியில் ஒரு பெயர். அப்பா அம்மா இருவருமே இருந்தார்கள் என்பதற்கு அரசிடம் வேறு சாட்சி கிடையாது.

கனடாவிலிருந்து குடிவந்த ஹால்வர்சன் தம்பதிக்கு இது தெரியாது. இணையக் குழுவொன்றில் மூன்று மாதம் விசாரித்துத்தான் அவர்கள் பள்ளி தேடினார்கள். சுவரே இல்லாத பள்ளி ஒன்றைப் பார்த்தார்கள். குழந்தையிடம் 'வேண்டாம்' என்ற சொல்லையே சொல்லாத பள்ளி ஒன்றையும் பார்த்தார்கள். அங்கே அவர்கள் மகள் இங்கிரிட்டை ஒரு பையன் கடித்தான், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசியில், நான் எழுத்தராக இருக்கும் எங்கள் மழலையர் பள்ளிக்கு வந்தார்கள். மகள் நன்றாக ஸ்பானிஷ் கற்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். எங்களிடம் இருந்த முப்பது குழந்தைகளும் ஆங்கிலம் கற்க வந்தவர்கள்.

நான்கு வயது இங்கிரிட்டுக்கு மொழியைப் பற்றிக் கருத்து எதுவும் இல்லை. ஊருக்கு வந்து இரண்டு மாதமாக அவளுக்கு விளையாட ஆளில்லை. எங்கள் முற்றத்து மணல்குழியைப் பார்த்துவிட்டாள். அதற்குள் இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

தலைமை ஆசிரியை அம்பாரோ மிஸ் விண்ணப்பத்தை நிரப்பினார். அப்பாவின் பெயர் ஹால்வர்சன். அம்மாவின் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்.

"ஹால்வர்சன்தான்," என்றார் இங்கிரிட்டின் அம்மா மாரென்.

"அது உங்க வீட்டுக்காரர் பேராச்சே."

"என் பேரும் அதுதான், மிஸ்."

அம்பாரோ மிஸ் பேனாவைக் கீழே வைத்தார். இங்கிரிட்டிடம் ஒரு புளிமிட்டாயைக் கொடுத்து, வாசலில் போய் நிற்கச் சொன்னார். பிறகு தாழ்ந்த குரலில், "நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல பொறந்தவங்களா?" என்று கேட்டார்.

கல்யாணத்தின்போது பெயரை மாற்றிக்கொண்டதாக மாரென் விளக்கினார். அதற்கு முன்னால் உங்களுக்கு வேறு அப்பாவா என்று மிஸ் விசாரித்தார். நான் அச்சுப்பொறியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மண்டலக் கண்காணிப்பாளர் எலாதியோ சாருக்குத் தொலைபேசியில் விஷயம் போனது. அவர் தீர்ப்பு மூன்று பகுதிகளைக் கொண்டது. பாஸ்போர்ட்டில் இல்லாத பழைய பெயர் செல்லாது. ஒரே பெயரை இரண்டு முறை எழுதினால், அண்ணன் தங்கை திருமணம் என்று நலத்துறையில் கோப்பு திறக்கப்படும். இடத்தைக் காலியாக விட வேண்டுமென்றால், குழந்தைக்குத் தாய் இல்லை என்று ஒரு சான்றிதழ் தேவை. அதில் தாய் கையெழுத்திட வேண்டும்.

அப்படிக் கையெழுத்திடும்போது அடையாள அட்டை காட்ட வேண்டுமா என்று மாரென் கேட்டார்.

"கண்டிப்பா காட்டணும்மா. இல்லேன்னா யார் வேணா வந்து இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவாங்க," என்றார் எலாதியோ சார்.

ஒரு வாரம் போனது. இங்கிரிட் தினமும் வெளிக்கதவின் கம்பிகளுக்கு நடுவில் முகத்தை வைத்து மணல்குழியைப் பார்த்தாள். உள்ளே விளையாடுபவர்களின் பெயர்களைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டிருந்தாள். அவள் லெயாந்த்ரோவைக் கூப்பிடுவாள். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு வாளியோடு அந்தப் பக்கம் போய்விடுவான். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் இழுப்பறையைக் குடைந்தேன். வேறொரு படிவம் கிடைத்தது. வெளிநாட்டுப் பணியாளர் நியமனப் படிவம். அதில் இரண்டாம் குடும்பப் பெயருக்கு நேரே 'பொருந்தாது' என்று அச்சிட்டே இருந்தது.

அம்பாரோ மிஸ் அதை இரண்டு முறை படித்தார். எங்கள் விளம்பரத்தில் இருந்த 'பிறப்பிலிருந்தே ஆங்கிலம் பேசும் வெளிநாட்டு ஆசிரியை' பிப்ரவரியிலேயே ஊருக்குப் போய்விட்டார். தகுதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். வெளிநாட்டில் பிறந்தவர். பிறப்பிலிருந்தே ஆங்கிலம். முன்பணியில் புகார் எதுவும் இல்லை. வயதுக்கு அதிகபட்ச வரம்பு மட்டுமே இருந்தது. அதை அவள் தாண்டவில்லை.

திங்கட்கிழமை கொடிவணக்கம் முடிந்ததும் இங்கிரிட் ஹால்வர்சன் ஆங்கில உதவி ஆசிரியையாகப் பொறுப்பேற்றார். பொறுப்பேற்றவுடன் மணல்குழிக்கு ஓடினார்.

"நில்லும்மா," என்றார் அம்பாரோ மிஸ். "ஸ்டாஃப் மணல்ல எறங்கக் கூடாது. ஓரமா நின்னு பாத்துக்கலாம்."

இங்கிரிட் வாளியைப் பிடித்தபடி ஓரமாக நின்றாள். கழுத்தில் ஒரு விசில் மாட்டப்பட்டிருந்தது. அவள் அதை ஊதவில்லை.

பணியாளர் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஏறியதும் லெயாந்த்ரோவின் அம்மா பிரிசேனோ அவர்கள் நேரில் வந்தார். தம் மகன் ஒரு வருடமாகப் படித்தும் இன்னும் வெறும் மாணவனாகவே இருப்பது ஏன் என்று அறிய விரும்பினார். நியாயமான கேள்விதான். லெயாந்த்ரோவுக்குப் பதவி உயர்வு வந்தது. அப்புறம் அவன் பக்கத்தில் உட்காருபவளுக்கு வந்தது. மாத முடிவில் முப்பது பேரும் பணியாளர்கள். பெற்றோர் கழுத்து அட்டைகளோடு பிள்ளைகளைப் படம் எடுத்து உறவினருக்கு அனுப்பினார்கள். அடுத்த தெருப் பள்ளி இதைக் கேள்விப்பட்டு, எல்லாக் குழந்தைகளையும் நேரடியாக முதல்வராகவே சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது.

புதிதாகச் சேர்ந்த முப்பத்தொரு பேருக்கு ஓய்வறை போதவில்லை. பணியாளருக்கு ஓய்விடம் தருவது விதி. மாணவர் யாரும் இல்லாததால் மணல்குழி காலியாகக் கிடந்தது. எனவே அது ஓய்வறையாக அறிவிக்கப்பட்டது. அன்று இங்கிரிட் மணலில் இறங்கினாள். லெயாந்த்ரோ அவள் தலையில் ஒரு வாளி மணலைக் கொட்டினான். அவ்வளவு மகிழ்ச்சியான அரசு அங்கீகாரம் பெற்ற பணியாளரை நான் எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை.

ஜூனில் எலாதியோ சார் ஆய்வுக்கு வந்தார். பதிவேட்டைத் திறந்தார். உதவி ஆசிரியர் முப்பத்தொன்று, மாணவர் பூஜ்யம்.

"எல்லாம் முறைப்படிதான் இருக்கு," என்றார். "எங்க ஆபீஸும் இப்படித்தான்."

ஆனால் பூஜ்யம் என்ற எண்ணைக் கணினி ஏற்காதாம். ஒரு மாணவராவது இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை பள்ளியை மூடி, மணல்குழி உட்பட எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். அன்று மாலையே பெற்றோர் கூட்டம் கூடியது. யாராவது ஒருவர் தம் குழந்தையை மாணவராக்கச் சம்மதிக்க வேண்டும். தம் குடும்பத்தில் இப்படியொரு பதவியிறக்கம் இதுவரை நடந்ததில்லை என்றார் பிரிசேனோ அவர்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

மணல் ஒட்டிய ஒரு கை உயர்ந்தது. "நான் இருக்கேனே, சார். எனக்குப் படிக்கணும்," என்றாள் இங்கிரிட், சுத்தமான ஸ்பானிஷில்.

எலாதியோ சார் குனிந்து அவள் தலையைத் தடவினார். "உனக்கு ஒரு பேரு கொறையுதேம்மா."

பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் இருக்கின்றன. தடுப்பூசி அட்டையும் இருக்கிறது. எதையும் மறுத்துப் பேசியதில்லை என்ற நற்பெயரும் உண்டு. நொயெமி உகால்தே த்ரெஹோ, வயது இருபத்து நான்கு, ஆங்கில இலக்கியப் பட்டதாரி, மழலையர் முதல் பிரிவில் சேர்க்கப்பட்டேன்.

பள்ளி தப்பியது. மணல்குழியும் தப்பியது. ஒரு மாணவருக்கு முப்பத்தொரு ஆசிரியர்கள் கொண்ட பள்ளி என்று மாரென் தமது இணையக் குழுவில் எழுதினார். ஆகஸ்டில் தொடங்கும் கல்வியாண்டுக்கு நூற்று நாற்பது விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன.

வீட்டில் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அம்மா கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஸ்கூல்ல சீட்டு கெடைக்குறது லேசுப்பட்ட காரியமாடி? வெளியில சொல்லிடாத. உங்க சித்தி அவ பொண்ணுக்குக் கேட்டு நாளைக்கே வந்து நிப்பா."