பழனாத்தாளைத் திரும்பக் கூட்டிப்போகவும்

திருப்பூர்
ஆடி வெள்ளி, 1968

குண்டடத்தில் இருக்கும் அண்ணா அவர்களுக்கு, தங்கை வேலாத்தாள் கும்பிட்டு எழுதிக்கொண்டது. சிவன்மலை ஆண்டவர் தயவில் இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. அங்கே அண்ணியும் குழந்தைகளும் எருமைகளும் சுகமாயிருக்க விளக்கு வைக்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.

என் மகன் திருமூர்த்தி சிலேட்டை வீசி, பக்கத்துப் பையனைக் கடித்து, ஜன்னல் வழியாக ஓடிவந்தபோது, கூடவே ஓர் ஆள் உட்கார்ந்தால்தான் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்வேன் என்று வாத்தியார் சொல்ல, நீங்கள் உங்கள் தோட்டத்துப் பழனாத்தாளை அனுப்பினீர்கள். நல்ல மனதோடுதான் அனுப்பினீர்கள். பள்ளிக்கூடத்தில் அவன் பக்கத்திலேயே உட்காருகிறாள், வீட்டிலும் அவன் பின்னாலேயே நிற்கிறாள். அவன் கத்தினால் அதட்டுவதில்லை, அடிப்பதில்லை. எங்கள் பனியன் கம்பெனியில் வெட்டிக் கழித்த வேஸ்டில் ஒரு துண்டை எடுத்து, நூல் நுனியை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறாள். அவன் உருவிக்கொண்டே அடங்கிப்போகிறான். செவ்வாய் விரதத்திலும் காவடியிலும் எனக்கு நடக்காதது அவளுக்குக் குப்பைத் துணியில் நடந்தால் எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க. இப்ப சோறுகூட "பழனாக்கா பிசையோணும்"ங்கறான். பெத்தவ கரண்டியோட நின்னுட்டிருக்கறேன்.

போன செவ்வாக்கெழமை அவ தண்ணிக்குப் போன நேரம் பாத்துக் கத்த ஆரம்பிச்சான். அவ குப்பைத் துண்டு குடுத்தா நான் நல்ல துணியாவே குடுக்கறேன்னு, மேஜை மேல இருந்த புதுத்துணியக் குடுத்தேன். அது உங்க மாப்பிள்ளை சரக்கு வாங்க வர்ற கல்கத்தா சேட்டுக்குக் காட்ட வெச்சிருந்த சாம்பிள்னு யாரு கண்டா. மொதல்ல தப்பான பக்கத்துல நுனி எடுத்துப்போட்டேன், நூல் வரல, கையக் கடிச்சுப்போட்டான். அந்தப் பக்கம் திருப்பிக் குடுத்தேன், அப்புறம் மளமளன்னு வந்துது. அவரு குளிச்சுட்டு வர்றதுக்குள்ள துணி நூலாகிப்போச்சு, புள்ள எம்மடியில படுத்துட்டான்.

"ஏனுங்க, சத்தம் போடாதீங்க, இப்பத்தான் அடங்கியிருக்கறான்"னேன்.

"சேட்டுக்கு என்னத்தக் காட்டறது, உன்ற மடியையா"ன்னாரு.

அந்த நாளை வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. கொடத்தோட வந்த பழனாத்தா, "பரவால்லீங்களே அக்கா, உங்ககிட்டயும் அடங்கறானே"ங்கறா. எம்புள்ள எம்மடியில படுத்ததுக்கு அவ மார்க்குப் போடறா.

ஆகையால் ஆடிப்பெருக்குக்கு வரும்போது அவளைக் கையோடு கூட்டிப்போகவும். இது பொறாமை என்று அண்ணி சொல்வார்கள். பொறாமைதான். தினம் விளக்கேற்றும் கையால் பொய் எழுதக் கூடாது.

அண்ணிக்கு என் கும்பிடு, குழந்தைகளுக்குத் திருநீறு வைத்து அனுப்பியிருக்கிறேன்.

தங்கை
வேலாத்தாள்

பி.கு.: கவரை ஒட்டப்போகையில் பழனாத்தா வந்து நின்னா. "அக்கா, திங்கக்கெழமையிலிருந்து பள்ளிக்கூடத்துல அவன் பக்கத்துல உக்காரலீங்க, கொஞ்சம் தள்ளி வெராந்தாவுல இருந்துக்கறேன். அப்புறம் கேட்டுக் கதவுக்கு வெளிய. நானில்லாம அவன் இருக்கப் பழகோணுமுங்களே, அதுக்குத்தான வந்தேன்"ங்கறா. புள்ளைய உட்டுப்போட்டுத் தள்ளி உக்கார அவளுக்கு எப்படீங்ண்ணா மனசு வந்துச்சு. நீங்க கூட்டிப்போக வர வேண்டாம். 'பக்கத்துலயே உக்காரு'ன்னு அவ பேருக்கு ஒரு கார்டு போடுங்க. நான் சொன்னதா எழுதாதீங்க. அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசிச்சுக் காட்டோணும்.